சன்னலைச் சாத்திப் பார்த்த படங்கள்

டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால் இன்றைக்கும் என் கை சன்னலைச் சாத்தப் போகிறது. இப்போது வீட்டில் இருப்பது பாதிச் சுவரை அடைக்கிற டிவி. நட்ட நடுப் பகலில் வாசலைத் திறந்து போட்டுக்கொண்டே பார்க்கலாம். ஆனாலும் எழுந்து போய்ச் சாத்திவிட்டுத்தான் உட்காருவேன். என் மகள் சிரிப்பாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரையில் பாவாடை சட்டையோ அரை டவுசரோ போட்டுத் திரிந்தவர்கள் யாராவது இருந்தால், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைக் கேளுங்கள். இளசுகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "இதுக்குப் போயா?" என்கிறார்கள். ஆமாம், இதுக்குப் போய்த்தான்.

எங்கள் வீடு முனிச்சாலைப் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. கீழே வீட்டுக்காரம்மா. வாசலை ஒட்டிக் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்பார். வீட்டுக்குள் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். படி இறங்கினால் மதுரைத் தமிழ். எந்தப் படியில் பாஷை மாறும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் கீழே போய்ச் சேர்வதற்குள் மாறியிருக்கும். உங்களுக்காக வீட்டுப் பேச்சையும் தமிழாகவே எழுதுகிறேன். அத்தை என்று நான் எழுதுவதும் அப்படித்தான். எங்கள் வாயில் அது வேறு சொல்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எம்.ஏ. இங்கிலீஷ். முடித்த கையோடு வேலைக்குப் போக வேண்டியவள். வரன் பார்க்கிற நேரத்தில் வேலை எதற்கு என்று அப்பா நிறுத்திவைத்தார். வரனும் வந்தபாடில்லை, வேலையும் இல்லை. அவளுக்குச் சுருட்டை முடி, கடித்துக் கடித்துக் கட்டையாகிப்போன நகம். கோபம் வந்தால் கத்த மாட்டாள், சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வந்தால் நானும் என் இரண்டு தம்பிகளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வோம்.

அந்தச் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கி, திரும்ப அழகர்கோவில் போய்ச் சேர்ந்து, ஊரில் நீர்மோர்ப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தைக்குக் கல்லூரியில் பாடம் எடுத்த மேடம் ஒருவர் ஓய்வுபெற்று, மகன் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் கிளம்பினார். வழியனுப்ப ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் கிளம்புகிற நேரத்தில் மேடம் சீட்டுக்கு அடியில் இருந்த ஒரு அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளி, "இதை நீயே வச்சுக்கோம்மா. மருமக இதையெல்லாம் எங்க வைக்கப்போறீங்கன்னு கேக்குறா" என்றார். அட்டைப்பெட்டி நிறைய வீடியோ கேசட். சிங்கப்பூரில் இருந்த மேடத்தின் தம்பி, அங்கே டிவியில் ஓடியதை அப்படியே பதிந்து அனுப்பியவை. அதைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் கூட்டத்தில் நசுங்கி வந்தோம். இறங்கியதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அத்தை தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். சணல் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

எங்களிடம் கேசட் போட்டுப் பார்க்கிற டெக் இருந்தது. அப்பா பம்பாய்க்குச் சேலை கொண்டுபோன வருஷம் வாங்கி வந்தது. அம்மா அதற்குப் பூ வேலை செய்த உறை போட்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் திறப்பாள். அத்தை மறுநாள் மத்தியானமே உறையை எடுத்துவிட்டாள்.

முதல் படத்தைப் போட்டால் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை, அதிலும் கறுப்பே ஜாஸ்தி. அந்தப் படங்களில் எப்போதும் இருட்டு, எப்போதும் மழை. எங்கள் கூடத்திலோ சித்திரை வெயில். டிவி கண்ணாடியில் எங்கள் நாலு பேர் மூஞ்சியும் பின்னால் கொடியில் காய்ந்த துண்டும்தான் தெரிந்தன. நடுவே எங்கேயோ ஒரு சிகரெட் நுனி மினுங்கியது. அத்தை எழுந்து போய் மேற்குச் சன்னலைச் சாத்தினாள். இடுக்கில் வெளிச்சம் வந்தது. அதற்குமேல் போர்வையைத் தொங்கவிட்டாள். மாடிப்படிக் கதவையும் சாத்திவிட்டு வந்தபிறகுதான் படம் தெரிந்தது. தொப்பி போட்ட ஒருவன் மழையில் நின்றுகொண்டு எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கோடை முழுக்க இதுதான். அம்மா சாப்பிட்டுவிட்டு அடுப்படியில் முந்தானையை விரித்துப் படுத்ததும் நாங்கள் சன்னலைச் சாத்துவோம். உள்ளே அடுப்பாக வேகும். மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிவிடும். கீழே கிரைண்டர் கடகடவென்று ஓடும். முதுகு நனைந்து, சட்டை ஒட்டி, போர்வையிலிருந்து வருகிற நாப்தலின் வாசனையோடு நாங்கள் அமெரிக்காவின் மழையைப் பார்த்துக்கொண்டிருப்போம். திரையின் அடியில் சீன எழுத்துகள் ஓடும். அவற்றையும் படத்தில் ஒரு பகுதி என்றே நாங்கள் நினைத்திருந்தோம். கரண்ட் போனால் இருட்டில் அப்படியே உட்கார்ந்து, கொலையைச் செய்தது யார் என்று சண்டை போடுவோம். என் சின்னத் தம்பி எல்லாப் படத்திலும் தொப்பி போட்டவன்தான் என்பான். எல்லோருமே தொப்பி போட்டிருப்பார்கள் என்பதால் அவன் தோற்றதே இல்லை.

எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. அத்தைதான் பேசுவாள். அதில் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். படத்தில் வரும் போலீஸ்காரர்கள், துப்பறிகிறவர்கள், பணக்காரப் புருஷன்கள் எல்லாம் மதுரைத் தமிழ் பேசுவார்கள். "எங்கடி வச்சுருக்க? எம்புட்டு நேரமா கேக்குறேன்" என்று குரலைக் கட்டையாக்கிக்கொண்டு அதட்டுவாள். படத்தில் வரும் பெண்கள் மட்டும் சௌராஷ்டிரம் பேசுவார்கள். தோள் தெரிய உடுப்பு போட்டு, பாதி முகம் நிழலில் இருக்க, புகையை விட்டுக்கொண்டே அந்தப் பெண்கள் எங்கள் அம்மா பேசுகிற பாஷையில் பதில் சொல்வார்கள். வெளியாளுக்குப் புரியக் கூடாத விஷயத்தை நாங்கள் கடைத்தெருவில் அந்தப் பாஷையில்தானே பேசிக்கொள்வோம்? அதனால் அந்தப் பெண்கள் எங்கள் ஆட்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் பொய் சொன்னாலும் நாங்கள் அவர்கள் கட்சி.

முத்தம் வருகிற இடம் அத்தைக்கு முன்கூட்டியே தெரியும். எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்று, டெக்கில் ஏதோ குமிழைத் திருகுவாள். "கோடு கோடா வருது" என்பாள். கோடும் வராது ஒன்றும் வராது. எங்களுக்கும் தெரியும்.

ஒரு படத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்வோம். ஒரு பெரிய ஓட்டலில் டெலிபோன் இணைப்புக் கொடுக்கிற பெண். காதில் மாட்டிய கருவியில், ஒரு பணக்காரன் தன் பங்காளியைக் கொல்ல ஆள் பேசுவதைக் கேட்டுவிடுகிறாள். போலீசுக்குப் போகாமல் அந்தப் பணக்காரனையே மிரட்டுகிறாள். எல்லோரும் அவளைத் துரத்துகிறார்கள். கடைசியில் ஸ்டேஷனுக்கு ஓடி வந்து, நகர்கிற ரயிலில் தொற்றி ஏறுகிறாள். கையுறையைக் கழற்றி சன்னல் வழியாக எறிகிறாள். அங்கே அத்தை பட்டனை அழுத்துவாள். "தப்பிச்சுட்டா. அம்புட்டுத்தான் படம்."

"டேப்பு இன்னும் மிச்சம் இருக்கே அத்தை?" என்று பெரிய தம்பி கேட்பான்.

"பேரு போடுவாங்கடா. அதைப் பாத்து என்ன செய்யப்போற?"

எல்லாப் படமும் இப்படித்தான் முடியும். பெண் காரில் ஏறுவாள், கப்பலில் ஏறுவாள், லிப்டில் இறங்கித் தெருக்கூட்டத்தில் கலந்துவிடுவாள். மிச்சம் பேர் போடுவது.

ஆனி பிறந்ததும் வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு வங்கி வேலை, அவனியாபுரத்தில் புது வீடு. பெண் பார்த்த அன்று கூடத்தில் எல்லோரும் இருக்கும்போதே அவர் தனியாகக் கொஞ்சம் பேசவேண்டும் என்றார். எங்கள் வீட்டில் அது புதுசு. பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு, காவலுக்கு என்னையும் அனுப்பினார்கள்.

"பொழுது எப்படிப் போகுது?" என்றார் அவர்.

"படம் பாப்பேன். துப்பறியிற படம்."

"நிசமாவா? எனக்கும் பைத்தியம். ஆனா கடைசிச் சீனுக்கு முன்னாடியே கொலைகாரன் யாருன்னு பக்கத்துல இருக்கவங்க கிட்டச் சொல்லிப்புடுவேன். எங்க வீட்ல யாருமே என்கூட உக்கார மாட்டாங்க."

"நான் உக்காருவேன்" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுப்போய் நகத்தைக் கடித்தாள். அவர் சிரித்தார். நான் சாட்சி. அன்று மாலை அவள் எங்களுக்கு ஓட்டல் பரோட்டா வாங்கிக் கொடுத்தாள். அதன்பிறகு ஒரு கேசட்டைத் தனியாக எடுத்து பீரோவில் வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "இதை அவருகூட பாக்கணும்டி, கடைசிவரைக்கும்" என்றாள். டெலிபோன்காரி படம்.

பெண் பிடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பிய பிறகு, மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எங்கள் ஆட்களிடம் உண்டு. ஊரில் எல்லோரிடமும் உண்டு. மாப்பிள்ளையின் அம்மா மாவு வாங்குகிற சாக்கில் கீழ்வீட்டு அம்மாவிடம் வந்தார். கீழ்வீட்டு அம்மாவுக்கு அத்தையை உயிர். வாய் நிறையப் புகழ்ந்தார். படியில் உட்கார்ந்து சோழி விளையாடிக்கொண்டிருந்த என் காதில் அத்தனையும் விழுந்தது.

"தங்கமான புள்ளம்மா. வாசல்ல வந்து தலை காட்டாது. ஒரு ஆம்பளகூட நின்னு பேசி நான் பாத்ததில்ல. மத்தியானமானா கதவு சன்னல் எல்லாத்தையும் அடைச்சுக்கிட்டு, அது பாட்டுக்கு உள்ள இங்கிலீசுப் படம் பாத்துக்கிட்டுக் கெடக்கும். அம்புட்டு அமைதி."

நம் ஊரில் அந்த நாளில் இங்கிலீஷ் படம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதது போல் நடிக்கவும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தியேட்டரில் பகல் காட்சிக்கு ஓடும். சுவரொட்டியில் முக்கியமான இடத்தில் எல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருப்பார்கள். அந்தச் சுவரைக் கடக்கும்போது அப்பா என் தலையைப் பிடித்து மறுபக்கம் திருப்புவார். பெரிய மனிதர்கள் முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். இங்கிலீஷில் எடுத்த மற்ற படங்களுக்கு நம் ஊரில் வேறு பேர்கள் இருந்தன. சண்டைப் படம், பேய்ப் படம், டைனோசர் படம். வெறுமனே இங்கிலீஷ் படம் என்றால் அது ஒன்றுதான். மாவு அரைத்தே பொழுது போன கீழ்வீட்டு அம்மாவுக்கு மட்டும்தான் அது தெரியாது போல. அந்த அம்மாவைப் பொறுத்தவரை அது இங்கிலீஷில் பேசுகிற படம், அவ்வளவுதான். கதவு, சன்னல் அடைத்து என்பதையும் சேர்த்துச் சொன்னாரே, அதுதான் முடித்துவிட்டது.

தரகர் வந்தார். காபி வேண்டாம் என்றார். நின்றபடியே குரலைத் தாழ்த்தி, "பொண்ணு இங்கிலீஷ் படம் பாக்குதாமே. அதுவும் சின்னப் பிள்ளைகள வச்சுக்கிட்டு. அவுங்க யோசிக்கிறாங்க" என்றார்.

அப்பா அந்த இடத்தில் சிரித்திருக்கலாம். டெக்கைக் காட்டி, போட்டுப் பாருங்கள் என்றிருக்கலாம். கதவுக்குப் பின்னால் நின்ற அத்தையைக் கூப்பிட்டு, அது என்ன படம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முகம் கறுத்துப்போய், கை இரண்டையும் கூப்பி, அப்பா சொன்னது இது:

"இனிமே பாக்க மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு."

தரகர் தலையாட்டிவிட்டுப் போனார். ஊருக்கு அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அண்ணனே ஒத்துக்கொண்டாயிற்று.

அத்தை வெளியே வந்தாள். "அண்ணே, அது கொலைக் கதை. திருடன் போலீஸ் கதை. நீங்க உக்காருங்க, ஒரே ஒரு படம் போடுறேன். பிடிக்கலேன்னா நீங்க சொல்றதைக் கேக்குறேன்."

"சீ!" என்றார் அப்பா. "தங்கச்சியோட உக்காந்து பாக்குற படமா அது? வெக்கமா இல்ல உனக்கு?"

"பாக்காமலே எப்படிண்ணே சொல்றீங்க?"

"ஊரே சொல்லுதே!"

அப்போது அத்தை சிரித்தாள். அப்பா கை ஓங்கினார், அம்மா நடுவில் வந்தாள்.

அம்மா அன்று சாயந்தரம் எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள். "அந்தப் படத்துல என்னடி வரும்?"

"கொலை வரும்மா."

"வேற?"

"மழை வரும். சிகரெட் குடிப்பாங்க."

"வேற?"

"தொப்பி."

அம்மா பின்னலை இறுக்கி ரிப்பனைக் கட்டினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முடி இழுபட்டதில் எனக்கு அது தெரிந்தது. "அப்பாகிட்டச் சொல்லும்மா" என்றேன். "அவரு தரகர்கிட்டச் சொன்னது சொன்னதுதான். இப்ப போயி இல்லேன்னா அவரு மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு?" என்றாள். அந்த மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்ற கவலை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. அத்தைக்கும் ஒரு மூஞ்சி இருந்தது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

சரி, அந்த வங்கிக்காரர்? பால்கனியில் உட்கார்ந்து பைத்தியம் என்று சொன்ன மனிதர்? அவருக்குத் தெரியும் அது என்ன படம் என்று. அவளே வாயால் சொல்லியிருந்தாள். அவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அத்தை கொஞ்ச நாள் பால்கனியில் துணி காயப்போடுகிற சாக்கில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆள் வரவில்லை, சொல்லும் வரவில்லை. ஆவணியில் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் என்று கேள்விப்பட்டோம். நல்ல மனுசன்தான். எனக்கு இன்றும் அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது, வயிறு எரிகிறது.

கேசட்டுகளை அப்பா எரிக்கச் சொன்னார். பிளாஸ்டிக் நாறும் என்று அம்மா உடைத்து டேப்பை உருவினாள். நல்ல பளபளப்பான டேப், வீணாக்குவானேன்? மொட்டை மாடியில் வத்தல் காயவைத்த இடத்தில், காக்கா வராமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிட்டாள். காற்றடித்தால் அது விர்ரென்று ஓயாமல் சத்தம் போடும். வெயில் பட்டால் கண் கூசும். பீரோவில் தனியாக வைத்திருந்த கேசட்டும் அதில் போயிற்று. வத்தலைப் புரட்ட அத்தையைத்தான் அனுப்பினார்கள். அந்த டேப்புகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து போய் வருவாள். ஒன்றுகூட அவள் தலையில் பட்டு நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு அவளை யார் கட்டுவார்கள் என்றார்கள். பரமக்குடியில் ஒருவர் கட்டினார். மனைவி இறந்தவர், கடைக்காரர், அத்தையைவிட ரொம்ப மூத்தவர். தரகர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் முடித்தாராம். மறைக்காமல் சொன்னதை ஒரு நேர்மை என்று அப்பா பாராட்டினார். அந்த நேர்மையை மாமா ஆயுசுக்கும் வைத்துக்கொண்டார். லீவுக்குப் போயிருந்தபோது நானே பார்த்தேன். அத்தை வேலை எல்லாம் முடித்துவிட்டு டிவியில் செய்தி போட்டாள். கடையிலிருந்து வந்த மாமா, கூட நாலு பேர் இருக்கிறார்களே என்றும் பார்க்காமல், "என்ன, இங்கிலீஷ் படமா?" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். மாமா அதைக் கெட்ட எண்ணத்தோடு சொன்ன மாதிரிகூடத் தெரியவில்லை. அவருக்கு அது ஒரு தமாஷ். அத்தை எழுந்து டிவியை அணைத்துவிட்டு அரிசி புடைக்கப் போனாள். பிறகு அவள் டிவிக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள். அப்படியே கடைசிவரை இருந்தாள். போன வருஷம் போய்விட்டாள்.

அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். காது மந்தம், பார்வை பரவாயில்லை. நாள் முழுக்க டிவி. கொலை, துப்பறிதல், கோர்ட்டு எதையும் விடமாட்டார். அத்தையின் காரியம் முடிந்து கொஞ்ச நாளில், அந்த டெலிபோன்காரி படம் இணையத்தில் கிடைத்தது. தேடித் தேடிக் கண்டுபிடித்தேன். அடியில் சீன எழுத்து இல்லை. சன்னலைச் சாத்திவிட்டுப் போட்டேன். அப்பா சாய்வு நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தார். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆண்களுக்குத் தமிழ், அவளுக்கு எங்கள் பாஷை. என்னை அறியாமல் அப்படித்தான் வந்தது.

ரயில் வந்தது. அவள் ஏறினாள். கையுறையை எறிந்தாள். என் கை ரிமோட்டுக்குப் போனது. அழுத்தவில்லை.

படம் ஓடியது. அவள் உள்ளே போய் ஒரு சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள். திறக்கும்போது எதிரில், அவளைத் துரத்தி வந்த தொப்பிக்காரப் போலீஸ். கையுறை இல்லாத இரண்டு கைகளையும் அவளே நீட்டுகிறாள். விலங்கு மாட்டுகிற சத்தத்தோடு படம் முடிந்தது. அதற்குப் பிறகு பேர்கூடப் போடவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கோடையில் நாங்கள் பார்த்த ஒருத்திகூடத் தப்பித்திருக்க மாட்டாள். அத்தைதான் பட்டனை அழுத்தித் தப்ப வைத்தாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். "நல்ல படம்டி. என்னமா எடுத்துருக்கான்! பாவம் அந்தப் பொண்ணு. ஒண்டிக்கட்டையா அவளும்தான் என்ன செய்வா? யாராச்சும் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சத்தமாகச் சொன்னேன். "அப்பா, இதுதான் அத்தை பாத்த படம். நீங்க எரிக்கச் சொன்னீங்களே, அந்தப் படம்."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"போடி கிறுக்கச்சி. அவ பாத்தது இங்கிலீஷ் படம்."